தொகை பெருத்தால் கை நடுங்கும்

5 5 5

மேலே எத்தனை எண்கள் இருக்கின்றன? விடை மூன்று. ஆனால் கண்ணில் பட்டதும் வாய்க்கு வருவது ‘ஐந்து’தான். அதை அடக்கிவிட்டு, எண்ணிப் பார்த்து, ‘மூன்று’ என்று சொல்ல மூளை கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கிறது. உளவியலில் பெயர்பெற்ற ஸ்ட்ரூப் சோதனையின் எண் வடிவம் இது. எழுத்தறிவு குறைந்தவர்களிடமும் நடத்தலாம் என்பது இதன் வசதி.

திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களைச் சேர்ந்த 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் இந்தச் சோதனையை இரண்டு முறை வைத்தார்கள். கரும்பு வெட்டுவதற்கு முன் ஒருமுறை. வெட்டி, பணம் கைக்கு வந்த பின் ஒருமுறை. திருவண்ணாமலை மாவட்டத்துக்கு மேற்கில் அரணாக நிற்பது ஜவ்வாது மலை. அங்கே பிறக்கும் செய்யாறு இறங்கிப் பாயும் சமவெளியில் கரும்பு நன்றாகப் பழகிய பயிர். நெல்லைப் போலவோ காய்கறியைப் போலவோ அல்லாமல், கரும்புக்கு வருமானம் ஆண்டில் ஒருமுறைதான் மொத்தமாக வரும். எப்போது வெட்டலாம் என்பதையும் விவசாயி முடிவு செய்வதில்லை, ஆலைதான் தேதி கொடுக்கிறது. ஒரே ஊரில் ஒருவருக்கு முன்னால் வரும், அடுத்தவருக்கு மாதங்கள் கழித்து வரும். ஆய்வாளர்களுக்கு வேண்டியிருந்தது இதுதான். வெயில், பண்டிகை, பள்ளிக் கட்டணம் போன்றவற்றின் பாதிப்பைக் கழித்துவிட்டு, பண நெருக்கடியின் பாதிப்பை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க முடிந்தது.

வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேரின் வீட்டில் ஏதோ ஒன்று அடகில் இருந்தது. வெட்டுக்குப் பின் அது 4 சதவீதம். இந்த வித்தியாசம் தலைக்குள்ளும் தெரிந்தது. எண் சோதனையை முடிக்க வெட்டுக்கு முன் சராசரியாக 146 விநாடி ஆனது, பின்னர் 131 விநாடி போதுமாக இருந்தது. தவறுகளும் குறைந்தன. விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்கும் ரேவன் சோதனையில் சரியான விடைகள் சராசரியாக 4.35-லிருந்து 5.45 ஆக ஏறின. ஆள் அதே ஆள்தான். சில வாரங்களில் அவருடைய அறிவு வளர்ந்துவிடவில்லை, மனத்தை அரித்துக்கொண்டிருந்த கடன் கவலை மட்டும் இறங்கியிருந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் இதை 2013 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். எல்லோரும் இதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் நடத்திய ஓர் ஆய்வு, 2016-ல், அப்படிப்பட்ட வித்தியாசம் எதையும் காணவில்லை. சம்பளத்துக்கு நான்கு நாள் காத்திருப்பதும், கரும்புக்கு ஓராண்டு காத்திருப்பதும் ஒரே அளவு நெருக்கடிதானா என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

பங்குச் சந்தை பற்றிய கட்டுரையில் கரும்புக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஷேர் மார்க்கெட் வகுப்பு நடத்துபவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்லும் ஓர் அறிவுரை உண்டு: ‘உணர்ச்சிக்கு இடம் கொடுக்காதீர்கள், மனத்தைக் கட்டுப்படுத்துங்கள்.’ கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் உதவாது. பணம் நெருக்கும்போது முதலில் குறைவது அந்தக் கட்டுப்படுத்தும் திறன்தான். குறைந்துபோன திறனைக் கொண்டே அதைச் சரிசெய்துகொள் என்பது என்ன யோசனை? அதைவிட, நெருக்கடியே வராத அளவில் பணத்தைப் போடுவது எளிது. மனத்தின் பிரச்சினையாகத் தெரிவதில் பெரும்பகுதி தொகையின் பிரச்சினை.

இதன் அளவு எவ்வளவு பெரியது என்பதைப் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபி வெளியிட்ட கணக்குகள் காட்டுகின்றன. 2020 மார்ச்சில் இந்தியாவில் சுமார் 4 கோடி டீமேட் கணக்குகள் இருந்தன. நான்கே ஆண்டுகளில் அது 15 கோடியைத் தாண்டியது. வந்தவர்களில் கணிசமானோர் நேராக ஃப்யூச்சர், ஆப்ஷன் பக்கம் போனார்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அங்கே வர்த்தகம் செய்த தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள். செலவுகளையும் சேர்த்தால் ஆளுக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய். எல்லோருடைய நட்டத்தையும் கூட்டினால் 1.8 லட்சம் கோடிக்கு மேல் வருகிறது. ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்.

இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் மும்பைப் பணக்காரர்கள் என்று நினைத்தால் தவறு. நான்கில் மூன்று பேருக்கு மேல், தங்கள் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழ் என்று காட்டியவர்கள். 72 சதவீதத்துக்கும் அதிகமானோர் நாட்டின் முதல் 30 நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். அதாவது போளூர், செங்கம், ஆலங்காயம், திருப்பத்தூர் மாதிரியான ஊர்கள். 2023-24-ல் இவர்களில் 43 சதவீதம் பேர் முப்பது வயதை எட்டாதவர்கள். எல்லாவற்றையும்விட யோசிக்க வைப்பது இது: தொடர்ந்து இரண்டு ஆண்டு நட்டப்பட்டவர்களில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மூன்றாவது ஆண்டும் வந்தார்கள்.

எதிர்ப்பக்கத்தில் இருந்தது யார்? 2023-24-ல் சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் எடுத்தன. அந்த லாபத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் கணினி நிரல்கள் தாமாகச் செய்த வர்த்தகத்தில் வந்தது. நிரலுக்கு அடகு நகை கிடையாது. மதிய இடைவேளையில் படபடப்பும் கிடையாது.

2024 ஜூன் முதல் வாரத்தை எடுத்துக்கொள்வோம். மக்களவைத் தேர்தல் முடிந்து, கருத்துக் கணிப்புகள் வந்திருந்த நேரம். ஜூன் 3, திங்கட்கிழமை, சென்செக்ஸ் 2,507 புள்ளிகள் எகிறியது. நிஃப்டி 23,263-ல் முடிந்தது. போளூரில் செல்போன் கடை வைத்திருக்கும் ஓர் இளைஞர், சந்தை இன்னும் ஏறும் என்று நம்பி, அந்த வாரம் முடியும் 23,000 கால் ஆப்ஷனை (முடியும் நாளில் நிஃப்டி 23,000-க்கு மேல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு) வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் வாக்கு எண்ணிக்கை. சென்செக்ஸ் 4,389 புள்ளிகள், அதாவது 5.74 சதவீதம் விழுந்தது. நிஃப்டி 21,884. அவருடைய திரையில் சிவப்பு எண் நிமிடத்துக்கு நிமிடம் பெருகுகிறது. கடையில் ஆள் நிற்கிறார், ‘டெம்பர் கிளாஸ் இருக்கா?’ என்கிறார். காதில் விழவில்லை.

அந்த வாரத்து எக்ஸ்பைரி, அதாவது ஆப்ஷன் முடியும் நாள், ஜூன் 6, வியாழக்கிழமை. அன்று நிஃப்டி முடிந்தது 22,821-ல். அவருடைய ஆப்ஷன் மதிப்பில்லாமல் காலாவதியானது. அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, நிஃப்டி 23,290. திங்கட்கிழமை இருந்த இடத்துக்கும் மேலே! சந்தை ஏறும் என்று அவர் நினைத்தது தவறில்லை. அந்த ஏற்றம் ஒரு நாள் பிந்திவிட்டது, அவ்வளவுதான். அதே திங்கட்கிழமை நிஃப்டி குறியீட்டு நிதியில் பணம் போட்டவர், அந்த வாரம் செய்தித்தாளே படிக்காமல் இருந்திருந்தால், இடையில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது.

சிவப்பு எண்ணைப் பார்க்கும்போது என்ன நடக்கிறது என்பதை டேனியல் கானமன், அமோஸ் டிவெர்ஸ்கி இருவரும் 1979-லேயே எளிய கேள்விகளால் காட்டிவிட்டார்கள். 3,000 நிச்சயமாகக் கிடைக்கும், அல்லது 4,000 கிடைக்க 80 சதவீத வாய்ப்பு. எது வேண்டும்? 80 சதவீதம் பேர் நிச்சயமான 3,000 போதும் என்றார்கள். கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். 3,000 நிச்சயமாகப் போகும், அல்லது 4,000 போக 80 சதவீத வாய்ப்பு. இப்போது 92 சதவீதம் பேர் சூதாட்டத்தைத் தேர்ந்தார்கள். லாபத்தில் கோழையாக இருப்பவர்தான் நட்டத்தில் துணிச்சல்காரராக மாறுகிறார். நட்டத்தை ஒப்புக்கொள்ளும் வலியைத் தள்ளிப்போட, கூடுதல் நட்டத்தையும் பணயம் வைக்கிறார்.

சந்தையில் இதற்கு நாள்தோறும் சாட்சி உண்டு. விலை ஏறிய பங்கை ‘லாபத்தை புக் பண்ணிடலாம்’ என்று அவசரமாக விற்கிறோம். விழுந்த பங்கை ‘வாங்கின விலைக்கு வந்ததும் வித்துடலாம்’ என்று வைத்திருக்கிறோம். இன்னும் விழுந்தால் மேலும் வாங்கி ‘ஆவரேஜ்’ செய்கிறோம். டெரன்ஸ் ஓடியன் அமெரிக்காவில் 10,000 தரகுக் கணக்குகளை ஆராய்ந்து 1998-ல் வெளியிட்ட கட்டுரை இதை அளந்து காட்டியது. அடுத்த ஓராண்டில், மக்கள் விற்றுவிட்ட லாபப் பங்குகள், கையில் வைத்துக்கொண்ட நட்டப் பங்குகளைவிடச் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளி கூடுதலாக ஏறியிருந்தன. வாங்கிய விலை என்பது வாங்கியவரின் தலைக்குள் மட்டும் இருக்கும் ஓர் எண். நிறுவனத்துக்கு அது தெரியாது, சந்தைக்கும் தெரியாது.

அப்படியானால் உணர்ச்சியே இல்லாதவர்தான் நல்ல வர்த்தகரா? லண்டனில் நடந்த ஓர் ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. வர்த்தகத் தளத்தில் வேலை பார்க்கும் 18 பேரிடம், நாடியைத் தொடாமல் தங்கள் இதயத் துடிப்பை உள்ளுக்குள் உணர்ந்து எண்ணச் சொன்னார்கள். மற்றவர்களைவிட அவர்கள் சரியாக எண்ணினார்கள். அவர்களிலும், துல்லியமாக எண்ணியவர்களே அதிக லாபம் எடுத்தவர்கள், அந்தத் தொழிலில் நீண்ட காலம் தாக்குப்பிடித்தவர்கள். 2016-ல் வெளியான இந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நாராயணன் கந்தசாமி. படபடப்பு ஒரு செய்தி. அதைக் கேட்கத் தெரிந்தவர் பிழைக்கிறார் என்று அந்த முடிவைப் படிக்கலாம். பதினெட்டுப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் அந்தச் செய்தி நாள்கணக்கில் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் கதை மாறுகிறது. இதே குழு 2014-ல் தன்னார்வலர்களுக்கு எட்டு நாள் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை கொடுத்து, மன அழுத்த ஹார்மோனான கார்டிசோலின் அளவை 69 சதவீதம் உயர்த்தியது. சந்தை தள்ளாடிய நாட்களில் லண்டன் வர்த்தகர்களின் உடலில் ஏறத்தாழ அதே அளவு உயர்வை முன்பு அளந்திருந்தார்கள். முதல் நாள் எந்த மாற்றமும் இல்லை. எட்டாம் நாளில், ஆபத்தான வாய்ப்புகளைத் தொடவே அவர்கள் தயங்கினார்கள். சந்தை வாரக்கணக்கில் விழுந்து, பங்குகள் மலிந்து கிடக்கும் நேரத்தில் வாங்க ஆளில்லாமல் போவதற்கு ஒரு காரணம் இங்கே கிடைக்கிறது. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 13 சதவீதம் விழுந்தது. முதல் 10 சதவீதத்தில் சர்க்யூட் பிரேக்கர் விழுந்து 45 நிமிடம் சந்தையே நின்றது. திறந்த பின் மறுபடி விழுந்து 25,981-ல் முடிந்தது. பத்து மாதத்தில் அதே சென்செக்ஸ் 50,000-ஐத் தொட்டது. மார்ச் மாதக் கடைசியில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வெளியேறியவர்களை முட்டாள்கள் என்று சொல்ல முடியாது. ஒரு மாதமாகத் தூங்காதவர்கள் அவர்கள்.

தொகையின் கனம் மூளையை என்ன செய்யும் என்பதை நேரடியாகச் சோதித்த இடமும் தமிழ்நாடுதான். மதுரைப் பக்கத்துக் கிராம மக்கள் 87 பேரை ஆறு விளையாட்டுகள் விளையாட வைத்தார்கள். நினைவாற்றல், கவனம், கைப்பழக்கம் எல்லாம் கலந்தவை. பந்தைக் குழிகளில் விழாமல் உருட்டுவது, ஒளிரும் விளக்குகளின் வரிசையை ஞாபகம் வைப்பது இந்த மாதிரி. நன்றாக ஆடினால் ஒரு குழுவுக்கு விளையாட்டுக்கு 4 ரூபாய், இன்னொன்றுக்கு 40, மூன்றாவதுக்கு 400. ஆறிலும் வென்றால் மூன்றாம் குழுவினருக்கு 2,400 ரூபாய். அன்றைய கணக்கில் அந்த ஊரில் ஒருவருக்கு ஏறக்குறைய அரை ஆண்டுச் செலவு. யார் மோசமாக ஆடினார்கள்? 400 ரூபாய்க் குழுதான். 4 ரூபாய்க்கும் 40 ரூபாய்க்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

டான் ஏரியலி, உரி க்னீசி, ஜார்ஜ் லோவென்ஸ்டைன், நினா மஜார் ஆகியோர் செய்த ஆய்வு இது. பாஸ்டன் மத்திய ரிசர்வ் வங்கி 2005-ல் இதை ஆய்வறிக்கையாக வெளியிட்டது. 2009-ல் ஆய்விதழில் வந்தது. (ஏரியலி பங்கேற்ற வேறோர் ஆய்வு, தரவுகள் புனையப்பட்டவை என்று தெரிந்து 2021-ல் திரும்பப் பெறப்பட்டது. மதுரை ஆய்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை.) பரிசு கூடினால் திறமை கூடும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல அடி. ஆண்டு வருமானத்தில் பாதியை ஒரே எக்ஸ்பைரி நாளில் வைப்பவர், தானே விரும்பி அந்த 400 ரூபாய்க் குழுவில் போய் உட்காருகிறார்.

சரி, நட்டம் வருமா வராதா என்பதைவிட, ஒரே முறையில் எவ்வளவு போகலாம் என்பதில் கவனம் வைப்போம். கணக்கு இங்கே இரக்கமில்லாதது. 10 சதவீதம் இழந்தால் பழைய நிலைக்கு வர 11 சதவீதம் ஏற வேண்டும். பாதியை இழந்தால் இருமடங்காக வேண்டும். ஒவ்வொரு வர்த்தகத்திலும் கையில் உள்ளதில் 2 சதவீதம் மட்டும் பணயம் வைப்பவர், தொடர்ந்து பத்து முறை தோற்றாலும் 100-க்கு ஏறத்தாழ 82 ரூபாய் மிச்சம் வைத்திருப்பார். 20 சதவீதம் வைப்பவரிடம் அதே பத்துத் தோல்விக்குப் பின் மிஞ்சுவது 10 ரூபாய் 74 காசு. தொடர்ந்து பத்து முறை தோற்பது நடக்காத காரியமும் இல்லை. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் வர்த்தகம் செய்பவருக்கு அப்படி ஒரு வாரம் எப்போதாவது வரக்கூடும்.

சாதகமான ஆட்டத்தில்கூட மனிதர்கள் இந்தக் கணக்கில் சறுக்குகிறார்கள். விக்டர் ஹகானி, ரிச்சர்ட் டூயி இருவரும் 61 பேருக்கு ஆளுக்கு 25 டாலர் கொடுத்து, கணினியில் நாணயம் சுண்டி விளையாடச் சொன்னார்கள். நாணயம் தலை விழ 60 சதவீத வாய்ப்பு. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அரை மணி நேரம், எவ்வளவு வேண்டுமானாலும் பந்தயம் கட்டலாம், அதிகபட்சம் 250 டாலர் வரை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆடியவர்கள் பொருளாதார மாணவர்களும் நிதித்துறை ஊழியர்களும். பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி 1956-ல் கண்டுபிடித்த சூத்திரம் இதற்கு நேரான விடை தருகிறது: ஒவ்வொரு முறையும் கையில் இருப்பதில் 20 சதவீதத்தைத் தலை மீது கட்டு. அப்படி ஆடியிருந்தால் ஏறத்தாழ எல்லோரும் உச்சவரம்பைத் தொட்டிருக்க முடியும். தொட்டவர்கள் 21 சதவீதம் பேர். 28 சதவீதம் பேர் முழுக்கத் தொலைத்தார்கள். இருந்ததை எல்லாம் ஒரே சுண்டலில் வைத்தவர்கள் 18 பேர். பூ விழும் என்று ஒருமுறையாவது கட்டியவர்கள் மூன்றில் இரண்டு பங்கு! தலை தொடர்ந்து விழுந்தால் ‘இனி பூதான்’ என்று தோன்றிவிடுகிறது.

இந்த ஹகானி யார் என்பதும் சுவையான விஷயம். 1998-ல் 4.6 பில்லியன் டாலர் இழந்து கவிழ்ந்த லாங் டேர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட் நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவர். நோபல் பரிசு பெற்ற ராபர்ட் மெர்ட்டனும் மைரன் ஷோல்ஸும் அங்கே இருந்தார்கள். அவர்களுடைய கணிப்புகள் பல பின்னாளில் சரியாகவே முடிந்தன. அளவுக்கு மீறிக் கடன் வாங்கிப் போட்டிருந்ததால் அந்தப் பின்னாள் வரை நிறுவனம் உயிரோடு இல்லை.

அளவு மீறாமல் இருப்பதைப் பழக்கமாகவே கொண்டவர்களைப் பார்க்க மீண்டும் ஜவ்வாது மலைக்குப் போவோம். ஜமுனாமரத்தூரைச் சுற்றி மலையாளிப் பழங்குடியினரின் மானாவாரி நிலங்களில் சாமை முக்கியமான பயிர். அதோடு துவரை, அவரை என்று கலந்து விதைப்பது பழைய வழக்கம். மழை பொய்த்து ஒன்று போனாலும் இன்னொன்று ஏதோ கொஞ்சம் கொடுக்கும். அடுத்த ஆண்டுக்கான விதைத் தானியத்தை எடுத்து வைத்த பிறகுதான் மற்றதைத் தின்பதும் விற்பதும். மொத்த விதையையும் ஒரே மழையை நம்பி யாரும் இறைப்பதில்லை. மானாவாரி விவசாயிகளின் இந்தச் சுபாவத்தை ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் அன்றைய ஆந்திர, மகாராஷ்டிரக் கிராமங்களில் உண்மையான பணம் வைத்து அளந்து 1980-ல் வெளியிட்டார். ஐம்பது காசுப் பந்தயத்தில் ஆளுக்கொரு விதமாக ஆடியவர்கள், ஐம்பது ரூபாய்ப் பந்தயம் வந்ததும் ஏறக்குறைய எல்லோருமே நிதானத்துக்கு வந்துவிட்டார்கள். பணக்காரர், ஏழை என்ற வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. தொகை ஏறினால் எச்சரிக்கையும் ஏறியது. நட்டத்தை மீட்க வாங்கும் அளவை இரட்டிப்பாக்கும் ஆப்ஷன் வர்த்தகர் செய்வது இதற்கு நேர்மாறு.

ஆனால் சாமை வயலை அப்படியே சந்தைக்குக் கொண்டுவர முடியாது. பத்து நிறுவனப் பங்குகளைப் பிரித்து வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் 2020 மார்ச் 23-ஐப் பார்க்க வேண்டும். அன்று வங்கி, வாகனம், உலோகம் என்று ஏறத்தாழ எல்லாமே ஒன்றாக விழுந்தன. சாமையைக் கருக்கும் வறட்சியைத் துவரை தாங்கும். பீதியைத் தாங்கும் பங்கு அபூர்வம். எனவே பங்குகளைப் பிரிப்பதோடு, பங்குச் சந்தைக்கே போகாத பணம் என்று ஒன்றும் வேண்டும். வங்கி வைப்பு, ஆறு மாத வீட்டுச் செலவு, மருத்துவக் காப்பீடு. விதைத் தானியம் என்றால் இதுதான்.

ஜவ்வாது மலையில் பங்குதாரர்கள் இல்லாமலும் இல்லை. பழங்குடி விவசாயிகளே பங்கு வைத்திருக்கும் உற்பத்தியாளர் நிறுவனம் அங்கே இயங்குகிறது. இந்த வகை நிறுவனங்களுக்கு இடம் தர 2002-ல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டது. அவற்றின் பங்குகளைச் சந்தையில் விற்க முடியாது, அதனால் விலையும் நிமிடத்துக்கு ஒருமுறை மாறாது. இது அற்பமான சங்கதி இல்லை. ஷ்லோமோ பெனார்ட்சியும் ரிச்சர்ட் தேலரும் 1995-ல் காட்டியதுபோல, ஒரே முதலீட்டை அடிக்கடி எடுத்துப் பார்ப்பவருக்கு அது அதிக ஆபத்தானதாகத் தெரிகிறது. நாள்தோறும் பார்த்தால் ஏறத்தாழப் பாதி நாட்கள் நட்டம்தான் கண்ணில் படும், ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் லாபம். நட்டத்தின் வலி லாபத்தின் இன்பத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு என்பதால், நாள்தோறும் பார்ப்பவர் மனக்கணக்கில் எப்போதும் தோற்றவராகவே இருக்கிறார். செல்போனில் விலை அறிவிப்பை அணைத்து வைப்பது சோம்பேறித்தனமில்லை.

வர்த்தகம்தான் செய்வேன் என்பவருக்கு வேண்டியது ஒரு சின்னக் கணக்கு. கையில் ஒரு லட்சம் இருக்கிறது, ஒரு வர்த்தகத்தில் 1 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 1,000 ரூபாய். 200 ரூபாய்ப் பங்கு, 190-க்கு வந்தால் வெளியேறுவது என்று முடிவு. பங்குக்கு 10 ரூபாய் போகலாம். எனவே வாங்க வேண்டியது 100 பங்கு, 20,000 ரூபாய்க்கு. ‘எத்தனை வாங்கலாம்’ என்ற கேள்விக்குப் பதில், ‘எங்கே வெளியேறுவேன்’ என்பதிலிருந்து வருகிறது. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இருக்கும் பணத்துக்கெல்லாம் வாங்கிவிட்டு, பிறகு ஸ்டாப் லாஸ், அதாவது விற்று வெளியேறும் விலை, எங்கே போடுவது என்று தேடுகிறார்கள். விலை அங்கே நெருங்கியதும் அதைக் கொஞ்சம் கீழே இறக்குகிறார்கள். இறக்கும் அந்த நொடியில், கானமன் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்டாப் லாஸ் சர்வரோக நிவாரணியும் இல்லை. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். அந்தப் பங்கு ஒரே நாளில் முக்கால் பங்குக்கும் மேல் மதிப்பிழந்தது. விலை படிப்படியாக இறங்காமல் பள்ளத்தில் விழுந்தது போலப் போகும்போது, 170-ல் போட்ட ஆர்டர் 170-ல் நிறைவேறாது. அதனால்தான் முதலில் சிறிய தொகை, பிறகு ஸ்டாப் லாஸ். மார்ஜின் கடன் வாங்கி, நகையை அடகு வைத்து வர்த்தகம் செய்பவருக்கு இரண்டுமே உதவாது. கரும்பு வெட்டுக்கு முந்தைய மூளையோடு அவர் நிரல்களுக்கு எதிரே உட்காருகிறார்.

அடிக்கடி வர்த்தகம் செய்வதற்கு வேறு விலையும் உண்டு. பிராட் பார்பரும் ஓடியனும் 1991 முதல் 1996 வரை 66,465 அமெரிக்கக் குடும்பங்களின் கணக்குகளைப் பார்த்தார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் கொடுத்த அந்தக் காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம். நம் ஊர்க் கணக்கும் அதே பக்கம்தான் சாய்கிறது. 2022-23-ல் வாங்கிய அன்றே விற்கும் இன்ட்ராடே வர்த்தகம் செய்த தனிநபர்களில் 71 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள். ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் செய்தவர்களில் அது 80 சதவீதம்.

செபி சும்மா இருக்கவில்லை. 2024 நவம்பரிலிருந்து குறியீட்டு ஆப்ஷன் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தியது. ஒவ்வொரு சந்தையும் ஒரு குறியீட்டுக்கு மட்டுமே வார எக்ஸ்பைரி வைக்கலாம் என்றது. ஆட்கள் குறைந்தார்கள். ஆனாலும் 2024-25-ல் ஆடியவர்களில் 91 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள், மொத்த நட்டம் முந்தைய ஆண்டைவிட 41 சதவீதம் கூடி 1.05 லட்சம் கோடியைத் தாண்டியது. 2023 ஜூலை முதல் ஒவ்வொரு தரகுச் செயலியும் உள்ளே நுழையும்போது ஓர் எச்சரிக்கையைக் காட்டுகிறது. பத்தில் ஒன்பது பேர் நட்டப்படுகிறார்கள் என்பது அதன் முதல் வரி. படித்தேன் என்று தட்டினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். வாசிக்காமல் தட்டிப் பழகிவிட்டோம்.

சந்தை காலை 9.15-க்குத் திறக்கிறது. அதற்கு முன், மனம் அமைதியாக இருக்கும்போது, ஒரு தாளில் மூன்று எண்களை எழுதி வையுங்கள்: முழுதாகப் போனாலும் வீடு அசையாத தொகை எவ்வளவு, இன்றைய ஒரு வர்த்தகத்தில் இழக்கலாம் என்பது எவ்வளவு, எந்த விலையில் வெளியே வருவீர்கள். மூன்றில் ஒன்றை எழுத முடியவில்லை என்றாலும் அன்று ஆர்டர் போட வேண்டாம்.